முடியைவிடச் சின்ன மருந்து

என் மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், புதிதாக எது வந்தாலும் ஒரு வரிசைக்கு மட்டும் செய்து பார்த்துவிட்டுத்தான் மிச்சத்துக்குப் போவார். ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிற பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. புது மருந்தைப் பந்தல் முழுக்க அடித்துப் பூ கருகிப் போனால் அந்த வெள்ளாமை போனதுதான். அதனால் ஓரத்தில் ஒரு வரிசைக்கு அடித்து, பக்கத்து வரிசையைச் சும்மா விட்டு, கொஞ்ச நாள் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். மற்றவர்கள் இதைத் தோட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மச்சான் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். அவர் வீட்டு முன்னறையில் ஒரு சுவர் பச்சை, மூன்று சுவர் மஞ்சள். பச்சை பிடித்துப்போனால் மிச்சத்துக்கும் அடிக்கலாம் என்று இருந்தார். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

"என்னைய ஒருத்தியத்தான் வரிசை பாக்காமக் கட்டிக்கிட்டாக," என்பாள் அக்கா. "அதான் இம்புட்டு அனுபவிக்கிறாக."

நான் கம்பத்தில் ஓர் உரக்கடையில் வேலை பார்க்கிறேன். படிப்பு பத்தாவதோடு முடிந்தது. ஆட்களிடம் முகம் பார்த்துப் பேச எனக்கு வராது என்பதால் முதலாளி என்னை பில் போடும் மேசையில் உட்கார வைத்திருக்கிறார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு நானோ யூரியா வந்தது. ஒரு மூட்டை செய்கிற வேலையை ஒரு சின்ன பாட்டில் செய்யும், உரம் அவ்வளவு பொடியான துகளாக இருப்பதால் இலையே உறிஞ்சிக்கொள்ளும் என்றார்கள். பில் போடும்போது ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டார். நான் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். பாட்டிலுக்கே பாட்டிலை விற்கிற மாதிரி இருக்கும்.

வாங்க வந்தவர் பாட்டிலைக் கையில் தூக்கிக் கனம் பார்ப்பார். அப்புறம் என்னைப் பார்ப்பார்.

"ஏப்பா, மூட்டையத் தூக்கி எறக்கி முதுகு வலிச்சாத்தான் உரம் போட்ட மாதிரி இருக்கும். இத அடிச்சுட்டு எந்த நம்பிக்கையில வீட்டுக்குப் போறது?" என்று கூடலூர்க்காரர் ஒருவர் கேட்டார். நான் பில்லைக் கிழித்து நீட்டினேன்.

மச்சானும் ஒரு பாட்டில் வாங்கிப் போனார். ஒரு வரிசைக்கு அடித்தார். அந்த வாரமே நல்ல மழை. அடித்த வரிசை, அடிக்காத வரிசை, பக்கத்துத் தோட்டம், வரப்போரத்துப் புல், எல்லாம் ஒரே பச்சை. என்ன ஆச்சு என்று கேட்டேன். "தெரியல மாப்ள," என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய மிக மோசமான தீர்ப்பு அதுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குக் காப்பி டம்ளரின் அடியில் கொஞ்சம்தான் வரும்.

"பொடித் துகள்டா தம்பி," என்பாள் அக்கா. "ஒரு டம்ளர் செய்ற வேலைய ஒரு மடக்கு செய்யும்."

நான் குடித்து முடித்த பிறகுதான் மிச்சத்தை ஊற்றுவாள்.

போன வருசம் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேசன் செய்து எடுத்தார்கள். எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாமல் உடம்பில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று கீமோ மருந்து ஏற்றச் சொன்னார்கள். முதலில் ஏற்றியது சிவப்பு மருந்து. அதில் முடி முழுக்கக் கொட்டிவிட்டது. அக்கா கண்ணாடி பார்த்துவிட்டு, "கவாத்து வெட்டியாச்சு. இனிமே தண்ணியப் பாய்ச்சிட்டுத் தளிர் வருதான்னு பாக்க வேண்டியதுதான்," என்றாள். திராட்சைக் கொடியை ஒட்ட வெட்டிவிடுவதைத்தான் கவாத்து என்பார்கள். பார்க்க வந்த பெண்கள் அவள் முன்னால் சிரித்துவிட்டுத் தெருமுனைக்குப் போய் அழுதார்கள்.

அதன் பிறகு வேறு மருந்துக்கு மாற்றினார்கள். அன்றைக்கு மச்சானோடு நானும் கூடப் போயிருந்தேன். சொட்டு இறங்க ஆரம்பித்ததுமே அக்கா முகம் ரத்தமாய்ச் சிவந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். மூச்சு இழுக்க வரவில்லை. நர்ஸ்கள் ஓடிவந்து குழாயை அடைத்து, வேறு ஊசி போட்டு, மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அக்கா சொன்னாள்.

"இத்தோட போதும். இனிமே நான் அங்கன வரமாட்டேன்."

அதையும் கேலி என்றுதான் நினைத்தோம். அடுத்த தேதி வந்தது. அவள் சேலை மாற்றவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மச்சான் வண்டியைக் கிளப்பி வைத்துவிட்டு, அணைத்துவிட்டு, மறுபடி கிளப்பினார். அவள் இன்னும் கொஞ்சம் வெங்காயம் எடுத்து வைத்துக்கொண்டாள்.

டாக்டரே போன் செய்தார். மதுரையிலிருந்து வாரா வாரம் தேனிக்கு வந்து போகிற அம்மா. மருந்தைப் பாதியில் விட்டால் நோய் திரும்ப வருகிற ஆபத்து கூடிப்போகும், வந்து பேசவாவது செய்யுங்கள் என்றார். பேசுவதற்கு மட்டும் என்ற ஒப்பந்தத்தில் அக்கா கிளம்பினாள். அப்படியும் சந்தேகம் போகாமல், ஊசி குத்த இடம் கிடைக்காதபடி முழுக்கை ரவிக்கையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டாள்.

டாக்டரம்மா எங்களைவிட வயதில் ரொம்பச் சின்னவர். மூன்று பேரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"அன்னைக்கு உங்களுக்கு ஒத்துக்காமப் போனது பெரும்பாலும் மருந்தா இருக்காதும்மா. அதைக் கரைக்கிற திரவமா இருக்கும். அந்த மருந்து தண்ணியில கரையாது. அதனால விளக்கெண்ணெயில இருந்து செய்ற ஒரு திரவத்துல கலந்து ஏத்துறோம். சில பேர் உடம்பு அதை ஏத்துக்காது."

"விளக்கெண்ணெயா!" என்றாள் அக்கா. "சின்னப் புள்ளையில வயித்துக்குக் குடுக்க வந்தா, சர்ச்சு வரைக்கும் ஓடுனவ நான். ஒடம்பு மறக்கல பாத்தீகளா."

மச்சான் தலையை ஆட்டினார். அவருக்கு இது நன்றாகவே புரிந்துவிட்டது. மருந்து இலையில் ஒட்டிக்கொள்வதற்காக டேங்கில் ஒரு பசை ஊற்றுவார்கள். சில சமயம் இலையைக் கருக்குவது அந்தப் பசையாகவே இருக்கும்.

"அப்ப பசைய மாத்தணும்," என்றார்.

டாக்டரம்மாவுக்கு எந்தப் பசை என்று தெரியவில்லை. விளக்கத்துக்கு என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"இதே மருந்து இப்ப இன்னொரு மாதிரி வருது. எண்ணெயே இல்ல. நம்ம ரத்தத்துலயே இருக்கிற ஒரு புரதத்துல மருந்தை ஒட்டி, ரொம்ப ரொம்பப் பொடியான துகளா ஆக்கிடுறாங்க. நானோ துகள்னு சொல்வாங்க."

மச்சான் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள்.

"ஏலே," என்றாள் அக்கா, "ஒன் கடைச் சரக்கு இங்கனயும் வந்துருச்சா?"

என் காதெல்லாம் சூடாகிவிட்டது. இவன் உரக்கடையில் நானோ யூரியா விற்கிறவன் என்று அக்காவே விவரம் சொன்னாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு, அது வேறு இது வேறு, சின்னது என்கிற ஒன்றுதான் இரண்டுக்கும் பொது என்றார். எவ்வளவு சின்னது என்று மச்சான் கேட்டார்.

"உங்க தலைமுடி ஒண்ணை எடுத்துக்கங்கம்மா," என்று ஆரம்பித்தார் டாக்டர். "அதோட அகலத்துல இந்தத் துகளை நூத்துக்கணக்குல அடுக்கலாம்."

அக்கா தலையில் கட்டியிருந்த துண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்கிட்டப் போயி முடியில உதாரணம் சொல்றீகளே டாக்டரம்மா. எங்க போயி எடுக்க?"

டாக்டரம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மன்னிப்புக் கேட்டார். அக்காவுக்கு அதில் ரொம்பச் சந்தோசம். அந்தப் புரதம் முட்டை வெள்ளைக்கருவில் இருப்பதற்குச் சொந்தக்கார வகைதான் என்று டாக்டர் சொன்னபோது, "தவக்காலத்துல ஏத்துனா ஆகுமா? வெள்ளிக்கிழமை நாங்க முட்ட தொடமாட்டோம்," என்று அடுத்த கேள்வியைப் போட்டாள். டாக்டரம்மா திங்கட்கிழமைகளில் வருகிறவர் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

"டாக்டரம்மா, இத மொதல்ல ஒரு வரிசைக்கு மட்டும் குடுத்துப் பாக்க முடியுமா?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. இந்த முறை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. காலண்டரில் இருந்த மாதா படத்திடம் பந்தல், வரிசை எல்லாவற்றையும் விளக்கினேன். டாக்டரம்மா கவனமாகக் கேட்டார்.

"ஐயா, ரத்தத்துல விட்டா எல்லா வரிசைக்கும்தான் போகும். ஒரு கைக்கு மட்டும் குடுத்து நிறுத்த முடியாது."

மச்சான் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைக் கையை மடக்கிவிட்டு, முழங்கையை மேசைமேல் வைத்தார்.

"அப்ப எனக்கு ஏத்துங்க. நான் இருக்கேன்ல, பக்கத்து வரிசை. எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா அவளுக்கு ஏத்துங்க."

டாக்டரம்மா அந்தக் கையைப் பார்த்தார். நோயில்லாத ஆளுக்கு இந்த மருந்தை ஏற்றக் கூடாது, அதுவுமில்லாமல் உங்கள் உடம்பு வேறு அவர்கள் உடம்பு வேறு, உங்களுக்கு ஒத்துக்கொண்டதால் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது என்று மெதுவாகச் சொன்னார்.

"கைய எடுங்க," என்றாள் அக்கா. "டாக்டரம்மா கையெழுத்துப் போட எடமில்ல."

ஆனால் அதைச் சொல்லும்போது அவள் மச்சானைப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். ஐயா கேட்ட ஒரு வரிசை விசயம் அப்படியொன்றும் தப்பான ஆசை இல்லை, நிறைய இடங்களில் அதற்குத்தான் ஆராய்ச்சி நடக்கிறது என்றார். மருந்தை நானோ துகளில் ஏற்றி, நல்ல செல்லை எல்லாம் விட்டுவிட்டு, கெட்ட செல் இருக்கிற இடத்தில் மட்டும் இறக்கிவிடப் பார்க்கிறார்களாம். அது முழுசாகக் கைகூடினால் முடி கொட்டாது, வாந்தி இருக்காது, பாதித் துன்பம் குறையும்.

"கூடலூர்ல ஏத்துன ஜீப்பு, வழியில யாரு கை காட்டுனாலும் நிக்காமக் குமுளியில போயி எறக்கி விட்ட மாதிரி," என்றாள் அக்கா.

"அதேதாம்மா."

"எங்க ஊரு ஜீப்பு எதுவும் அப்படிப் போனதில்லையே. கூரையில ஆள ஏத்தாம விடமாட்டான்."

"அதான் இன்னும் ஆராய்ச்சி நடக்குது," என்று டாக்டரம்மாவும் சிரித்தார்.

மச்சான் இதைப் பிடித்துக்கொண்டார். அந்த மருந்து வரட்டும், அதுவரை காத்திருக்கலாமே என்றார். சிரிப்பு நின்றது. அது எப்போது வரும் என்று தனக்கே தெரியாது, உங்கள் வீட்டம்மாவுக்கு வேண்டியது இப்போது, இந்த மாதத்தில் என்றார் டாக்டரம்மா. அக்கா எழுந்துகொண்டாள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் பெண் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னால், திரும்ப அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நானோ மருந்து பற்றித் தமிழில் ஏதாவது இருக்கிறதா என்று போனில் தேடினேன். ஒரு வீடியோ கிடைத்தது. இரும்பு வண்டு மாதிரி சின்னச் சின்ன எந்திரங்கள் ரத்தக் குழாய்க்குள் நீந்திப் போய் எதையோ கடித்துக்கொண்டிருந்தன. பின்னணியில் சண்டைக்காட்சி இசை. நல்ல எண்ணத்தில்தான் அக்காவிடம் காட்டினேன்.

அக்கா அதைக் கடைசிவரை பார்த்தாள்.

"ஏன்டா, இதுக எல்லாம் உள்ளயே குடியிருக்குமா, வேல முடிஞ்சதும் போயிருமா?"

"இது படத்துக்குச் செஞ்சதுக்கா. டாக்டரம்மா சொன்னது இது இல்ல."

"அப்ப எதுக்குடா காட்டுற? நல்லா இருக்கவளே இதப் பாத்தாப் பயந்துருவா."

மச்சான் பந்தலுக்குப் போயிருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"அன்னைக்கு மூச்சு நின்னப்ப எனக்கு ஒண்ணும் பயமில்லடா," என்றாள். "ஒங்க மச்சான் மூஞ்சியப் பாத்தேன். கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னாக. அந்த மூஞ்சிய இன்னொரு தடவ பாக்க என்னால ஆகாது. நோயி வந்து மெதுவாப் போனாலும் பரவால்ல. அப்படி ஒரு நிமிசத்துல வேண்டாம்."

போனை அணைத்துப் பையில் வைத்தேன்.

"நீ சொல்லு," என்றாள். "கடையில பாட்டிலப் பாத்துக்கிட்டுச் சொல்லுவேல, அப்படி இல்ல. எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. இந்த மருந்துல அப்படி வருமா, வராதா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். புருவம்கூட இல்லாத முகம். தெரியாது என்றேன். கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டுத் தேனிக்கு பஸ் ஏறினேன். கேட்க வேண்டியதைச் சின்னமனூர் வரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அதற்குப் பிறகு மறந்துவிட்டேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் எனக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னால் போகவிட்டு, கடைசி ஆளாக உள்ளே போனேன். டாக்டரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். பையைத் தோளில் மாட்டிக் கிளம்பத் தயாராக இருந்தவர், மறுபடி உட்கார்ந்தார். நான் நின்றபடியே கேட்டேன்.

"அந்த எண்ணெ இல்லாட்டி, எங்க அக்காவுக்கு மூச்சு நிக்காதுங்களா?"

"வாய்ப்பு ரொம்பக் கம்மி," என்றார். "எண்ணெய் ஒத்துக்காத நிறையப் பேருக்கு இதைக் குடுக்கிறோம். நல்லாத் தாங்குறாங்க. ஆனா வரவே வராதுன்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது. கை கால் மரத்துப்போகலாம், அசதி இருக்கும். அன்னைக்கு நானே கட்டில் பக்கத்துல நிப்பேன். அது வேணா சத்தியமாச் சொல்றேன்."

பஸ்ஸில் திரும்பும்போது இது எனக்கு அவ்வளவு நல்ல பதிலாகப் படவில்லை. கடையில் இப்படிச் சொன்னால் ஒரு பாட்டில்கூடப் போகாது. வீரபாண்டி தாண்டும்போது கொஞ்சம் இனிப்பாக மாற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். அக்கா ஊருக்குப் பஸ் மாற உத்தமபாளையத்தில் இறங்கும்போது, எனக்கு அந்தத் திறமை இல்லை என்று முடிவுக்கு வந்தேன். டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அக்காவிடமும் மச்சானிடமும் சொன்னேன்.

மச்சான் முகம் வாடியது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எழுதிக் குடுக்க மாட்டேன்னா சொன்னாக?"

"ஆமாக்கா."

"பக்கத்துல நிக்கிறேன்னும் சொன்னாகளா?"

"ஆமா."

"அப்ப இது சரக்கு விக்கிற ஆள் இல்ல," என்றாள். "நூத்துக்கு நூறு நல்லதுன்னு சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன்." பிறகு மச்சான் பக்கம் திரும்பினாள். "வாறேன். ஆனா நீங்க உள்ள வரக் கூடாது. வெளிய உக்காந்து டீ குடிங்க. தம்பி உள்ள இருக்கட்டும். அவன் மூஞ்சி எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

மச்சான் எவ்வளவோ பேசிப் பார்த்தார். அவள் மசியவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை அரைக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா சொன்னபடி வந்து நின்றார். மருந்துப் பை பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. அதுவும் சின்னப் பை.

"மோரா இது?" என்றாள் அக்கா. "உப்புப் போட்டீகளா?"

நர்ஸ் ஊசியைச் செருகி, சொட்டைத் திறந்தார். போன முறை எல்லாம் நடந்த அந்த முதல் சில நிமிடங்களில் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவளையே பார்த்தேன். இத்தனை வயதில் ஒருவர் முகத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. அவள் மூச்சு ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கதவில் இருந்த சின்னக் கண்ணாடியில் மச்சானின் ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிந்தன. அவர் டீ குடிக்கப் போகவே இல்லை.

"அந்தப் பக்கம் பாக்காத," என்றாள் அக்கா. "நான் பாத்துட்டேன். நிக்கட்டும்."

டாக்டரம்மா நாடி பார்த்தார். சிவப்பு இல்லை. திணறல் இல்லை. இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். போன முறை பாதி நாள் படுத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்த மருந்து, இந்த முறை ஒருவர் நிதானமாகச் சாப்பிட்டு எழுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. நர்ஸ் வந்து குழாயைக் கழற்றினார். மச்சான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அம்புட்டுத்தானா?" என்றார், காலிப் பையைப் பார்த்து. அவருக்குச் சந்தோசத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் கெடக்கும்போலயே, சொட்டு தெரியுது."

"மூட்டையா தூக்கிட்டு வருவாக?" என்றாள் அக்கா. "கையக் குடுங்க, எறங்கணும்."

அவர் கையைப் பிடித்து இறங்கினாள். பிடித்த கையை விடவில்லை. நர்ஸ் அடுத்த முறை வர வேண்டிய தேதியைச் சொன்னார். அக்கா விரலை மடக்கி எண்ணிப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அன்னைக்கு ஆகாதே தாயி. அன்னைக்குத்தான் எங்க ஊருச் சப்பரம். தெருவுல சாமி வரும்போது நான் இங்கன படுத்துக் கெடக்க முடியுமா? ஒரு நா தள்ளிப் போடுங்க."

டாக்டரிடம் கேட்க வேண்டும் என்றார் நர்ஸ். கேளுங்க, நிக்கிறோம் என்று அக்கா அந்தக் கட்டிலிலேயே மறுபடி உட்கார்ந்துகொண்டாள். ஒரு நாள் தள்ளுவதால் ஒன்றும் இல்லை, அந்த வாரம் தானும் ஒரு நாள் கூடத் தங்குவதாக டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.